மூக்குதான் அதற்கு டார்ச்: பன்றி வளைக்கரடி பற்றிய கேள்விகள்

காசிரங்கா போனபோது வழிகாட்டி காட்டிய படத்தில் பன்றி மூக்கும் கரடி உடம்புமாக ஒன்று இருந்தது. அது என்ன, கலப்பினமா?

கலப்பெல்லாம் இல்லை. அது பன்றி வளைக்கரடி (ஆங்கிலத்தில் ஹாக் பேட்ஜர்), பெயரில் கரடி இருந்தாலும் நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் உங்களுக்குத் தோன்றியதுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது: இந்தியில் பாலுசூவர், அதாவது மணல்பன்றி என்று அழைத்தார்கள், 1825-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரெடரிக் குவியே வைத்த ஆர்க்டோனிக்ஸ் என்ற பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'கரடி நகம்' என்று பொருள்.

இருட்டில் எப்படி இரை தேடும்? கண் கூர்மையா சார்?

கண்ணை விடுங்கள், வேலை முழுக்க மூக்குக்குத்தான். முடியில்லாத இளஞ்சிவப்பு மூக்கைச் சருகுக்குள் செருகி, உறிஞ்சி உறிஞ்சி நகரும். மண்புழு வாசம் பட்டதும் முன்னங்கால் நகங்களால் ஒரு கீறு, மறுபடியும் மூக்கு உள்ளே. காலையில் அந்த வழியே போனால் யாரோ சின்னக் களைக்கொத்தியால் கொத்திவிட்டுப் போனதுபோல இருக்கும். வண்டுப் புழு, கிழங்கு, பழம் கிடைத்தாலும் விடாது, ஆனாலும் மண்புழுதான் முக்கியம். அப்புறம் ஒன்று, இரவு விலங்கு என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் தானியங்கி கேமராக்களில் பகலிலும் சிக்கியிருக்கிறது.

மற்ற வளைக்கரடிகளிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

தொண்டையைப் பாருங்கள். ஐரோப்பா, வட ஆசியா வளைக்கரடிகளுக்குத் தொண்டை கறுப்பு, இதற்கு வெள்ளை. நகமும் வெளிர்நிறம். 7 முதல் 14 கிலோ வரை எடை. வெள்ளை முகத்தில் கண் வழியாக இரண்டு கறுப்புப் பட்டைகள்.

தமிழ்நாட்டில் உண்டா அண்ணா? எங்கள் ஊரில் வளைக்கரடி பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

இல்லை தம்பி. வடகிழக்கு இந்தியாவிலிருந்து மியான்மர், தாய்லாந்து, வியட்நாம் வரைதான் இதன் ஊர். நம் பக்கம் இருப்பது தேன்வளைக்கரடி. அதற்கு முதுகு வெளுப்பு, வயிறு கறுப்பு, மூக்கும் பன்றி மாதிரி இருக்காது.

அழிந்துவருகிறதா?

அழியவாய்ப்புள்ள இனம் என்று ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்) பட்டியலில் இருக்கிறது. லாவோஸ், வியட்நாம் காடுகளில் நிலை ரொம்ப மோசம். பிரேக் கம்பியில் முடிச்சுப் போட்டு, காட்டுப்பாதை நெடுக நூற்றுக்கணக்கில் கண்ணி வைக்கிறார்கள். பன்றியோ மானோ விழும் என்று வைத்ததில், தலையைத் தரையோடு வைத்துக்கொண்டு வரும் இதுவும் விழுந்துவிடுகிறது. வேட்டை நாய்களிடம் மாட்டினாலும் கஷ்டம்தான், குட்டைக்காலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடும்?

வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது.