நுண்ணுயிரியல் படிக்கும் மகளுக்காகக் கவலைப்படும் தந்தைக்கு

ஐயா,

பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ஆய்வகத்தில் நோய் தொற்றிவிடுமோ, படித்து முடித்தால் வேலை கிடைக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொற்று பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் முறையாக நடக்கும் ஆய்வகத்தில் திரவம் அளக்கும் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவதில்லை. தின்பண்டம் உள்ளே வருவதில்லை. கிருமி வளர்த்த தட்டுகள், அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் கிருமிநீக்கம் ஆன பிறகே வெளியேறும். காசநோய்க் கிருமியை வளர்ப்பதற்கென்றே தனிப் பாதுகாப்புக் கூடங்கள் உண்டு. ஹெபடைடிஸ் பி, டைபாய்டு தடுப்பூசிகள் குறித்து மட்டும் உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

வேலையைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலைப் புரட்டி முடித்ததும், கிருமி வளர்ந்த ஒரு தட்டைப் பார்த்து இந்தப் பெண்ணால் என்ன சொல்ல முடியும் என்றுதான் சோதிப்பார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ஊடகங்களில் (selective media) நல்ல பிடிப்பு வேண்டும். வேண்டாத பாக்டீரியாக்களை அடக்கி, தேடும் கிருமிக்கு வழிவிடும் சத்துக் கலவைகள் அவை.

தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதியாகும் உறைந்த இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிராம் மாதிரியில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கவே கூடாது. மாதிரியை முதலில் பெப்டோன் நீர் என்ற சத்து நீரில் 37 டிகிரி செல்சியஸில் சுமார் 18 மணி நேரம் வைப்பார்கள். குளிரில் நலிந்த கிருமி தேற வேண்டுமல்லவா? பிறகு மற்றவற்றை ஒடுக்கும் திரவ ஊடகம், அதன்பின் எக்ஸ்.எல்.டி. அகார் என்ற கூழ்ம ஊடகம் ஊற்றிய தட்டு. அதிலுள்ள பித்த உப்பு கிராம் பாசிட்டிவ் எனப்படும் ஒரு பெரும் பிரிவு பாக்டீரியாக்களைத் தடுத்துவிடும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா தப்பி வளர்ந்தாலும் சர்க்கரைகளைப் புளிக்கவைத்து மஞ்சளாகக் காட்டிக்கொடுத்துவிடும். சால்மோனெல்லா சைலோஸ் என்ற சர்க்கரையைப் புளிக்கவைத்த பின் லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்துக் காரத்தன்மைக்குத் திரும்புவதால் சிவப்பாக நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குவதால் காலனியின், அதாவது கிருமிகள் திரண்டு வளர்ந்த புள்ளியின், நடுவில் கறுப்பு விழும்.

முதன்முறை பார்க்கும் மாணவர்கள் அந்தக் கறுப்பில் மயங்கிவிடுகிறார்கள். சிட்ரோபாக்டர், புரோட்டியஸ் போன்ற வேறு பாக்டீரியாக்களின் காலனிகளிலும் கறுப்பு நடு வரலாம். சில சால்மோனெல்லா வகைகளில் கறுப்பே தெரியாமலும் போகலாம். எனவே உயிர்வேதிச் சோதனைகளும் எதிர்ப்பொருள் கொண்டு கிருமியை உறுதிசெய்யும் ஆன்டிசீரம் சோதனையும் முடிந்த பிறகே அறிக்கை. இல்லாததை இருப்பதாக எழுதினால் ஒரு கன்டெய்னர் சரக்கு முடங்கும்; இருப்பதை இல்லையென்று எழுதினால் யாரோ ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். இந்தப் பொறுப்பைத் தாங்கும் கண்ணும் கையும் கொண்டவர்களுக்கு உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும், மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலும், பால் பதனிடும் ஆலைகளிலும் இடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கும் நுண்ணுயிரியல் பட்டம் தகுதியாக ஏற்கப்படுகிறது.

பி.சி.ஆர். வந்துவிட்ட பிறகு தட்டு எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். பி.சி.ஆர். கிருமியின் மரபுப்பொருளைக் கண்டுபிடிக்கும். எந்த ஆன்டிபயாட்டிக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை நேரடியாகப் பார்க்க உயிருள்ள காலனி கையில் இருந்தாக வேண்டும். கிருமியின் புரதங்களை வைத்து இனங்காணும் நவீனக் கருவியான மால்டி-டாஃப் கூடப் பெரும்பாலும் தட்டில் வளர்ந்த காலனியிலிருந்துதான் கிருமியை அடையாளம் காண்கிறது.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மருத்துவமனை ஆய்வக நுட்புநர் வேலைக்குப் பொதுவாக மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் சான்றிதழோ பட்டயமோ பட்டமோ கேட்கிறார்கள். பி.எஸ்சி. நுண்ணுயிரியல் அதற்கு மாற்றாகாது. சேர்க்கையின்போதே இதைச் சொல்லாத கல்லூரிகள்மீது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. மகளின் மனம் மருத்துவமனையில்தான் இருக்கிறது என்றால், பட்டம் முடித்ததும் அந்தப் பட்டயத்தையோ, மருத்துவக் கல்லூரிகளில் உள்ள மருத்துவ நுண்ணுயிரியல் முதுநிலைப் படிப்பையோ நாடலாம்; சேர்க்கைத் தகுதியை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் முதலில் சரிபாருங்கள். ஆரம்பச் சம்பளம் குறைவாகவே இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் ஆய்வகங்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதத்துடன் நேரில் போனால் நல்லது. சான்றிதழ் மட்டும் தருகிற இடம் வேண்டாம். ஊடகம் தயாரிப்பதிலிருந்து அறிக்கை எழுதுவதுவரை உடன் நின்று பார்க்க விடுவார்களா என்று கேட்கட்டும். போவதற்கு முன், எக்ஸ்.எல்.டி.யை ஏன் ஆட்டோகிளேவ் செய்யாமல் கொதிக்க மட்டும் வைக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டுப் போகட்டும். அங்கே அதைக் கேட்க வாய்ப்பு அதிகம்.