இனப்பற்றுக்கும் இனப்பெருமை வீக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

மொரீஷியஸில் நம் தமிழரை யாராவது லேசாகக் கேலி செய்தாலே சிலர் கொதிக்கிறார்களே, அது இனப்பற்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதும் அப்படி இல்லை.

இப்படிக் கொதிக்கும் இனப்பெருமை வீக்கத்தை உளவியலில் கூட்டுத் தற்காதல் என்பார்கள். உளவியலாளர் அக்னியெஷ்கா கோலெக் டி சவாலாவும் சகாக்களும் 2009-இல் இதை அளக்க ஒரு வினாநிரலே வெளியிட்டார்கள். 'நாங்கள் உயர்ந்தவர்கள், உலகம்தான் மதிக்கவில்லை' என்ற மனக்குறைதான் இதன் உயிர். தன் இனத்தில் நிறைவாக இருப்பவருக்கு அடுத்தவர் கைதட்டல் தேவையில்லை. இவருக்கோ எவ்வளவு தட்டினாலும் போதாது. சாதாரணக் கேலிகூட சதியாகத் தெரியும்.

கூட்டம் சேரப் பெரிய காரணமும் வேண்டாம். சமூக உளவியலாளர் ஹென்றி டாஷ்ஃபெல் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை ஓவிய ரசனைப்படி பிரிப்பதாகச் சொல்லி (உண்மையில் குருட்டாம்போக்கில்தான்) இரண்டு அணியாக்கினார். பிறகு இரு அணியினருக்கும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, தம் அணிக்கு மொத்தத்தில் குறைந்தாலும் சரி, எதிரணியை முந்தினால் போதும் என்கிற பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள்!

அதற்காக எல்லாக் கோபத்தையும் இதில் சேர்க்கக் கூடாது. 1998-இல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை வைத்தபோது இங்குள்ள தமிழர்கள் போராடினார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. கேட்டது பழைய இடம், அவ்வளவுதான். அதை நான் தற்காதல் என்று சொல்ல மாட்டேன். அது கிடைத்த பிறகும் அடுத்த அவமானத்தைத் தேடி அலைபவர் வேறு ரகம்.