“அவர் கட்டியில் அந்த ஆர்.என்.ஏ. கூடியிருக்குமோ?”

வணக்கம் மேடம்,

என் கணவருக்கு 46 வயது. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. அந்தப் பகுதியை மட்டும் ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ‘கிளியர் செல், நிலை 1’ என்று இருந்தது, அதாவது சிறுநீரகப் புற்றுநோயில் ஒரு வகை, ஆரம்ப நிலை. இப்போது மருந்து எதுவும் இல்லை, அவ்வப்போது ஸ்கேன் மட்டும்தான். அவர் வேலைக்குப் போய்வருகிறார். பிரச்சினை எனக்குத்தான்.

அவர் தூங்கிய பிறகு மொபைலில் ஆய்வுக் கட்டுரைகளாகத் தேடிப் படிக்கிறேன். விலங்கியல் படித்தவள் என்பதால் பாதி புரிகிறது, மீதி பயமுறுத்துகிறது. மாலாட்1, ஹாட்டேர் போன்ற நீண்ட ஆர்.என்.ஏ.க்கள் கூடினால் சிறுநீரகப் புற்றுநோய் வேகமாக வளரும், பரவும் என்கிறார்கள். அதைப் பரிசோதிக்கச் சொன்னேன். “தேவையில்லை” என்றார் மருத்துவர். எதையாவது மறைக்கிறாரா? “படிச்சதை எல்லாம் என்கிட்ட சொல்லாதே” என்று கணவர் கத்திவிட்டார். வீட்டுச் சண்டைகளால்தான் அவருக்கு அந்த ஆர்.என்.ஏ. கூடியதோ? மகளுக்கும் வருமோ? தூக்கமே இல்லை.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் படித்தது பொய்யில்லை. ‘பயப்படாதீர்கள்’ என்று மட்டும் சொன்னால் இன்றிரவும் மொபைலை எடுப்பீர்கள், அதனால் விஷயத்தையே பேசிவிடலாம்.

நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்வதற்கான பகுதி ஏறக்குறைய 2 சதவீதம்தான். மீதியிலிருந்தும், டி.என்.ஏ.வைப் பார்த்து எடுத்த நகல் போன்ற ஆர்.என்.ஏ. ஏராளமாக உருவாகிறது. புரதம் செய்யாமல், 200 எழுத்துகளுக்கு (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) மேல் நீளமாக இருப்பவைதான் நீங்கள் சொல்லும் வகை. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதில் இவை தலையிடுகின்றன. சில, செல் பெருகுவதை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய ஆர்.என்.ஏ.க்களை ஸ்பாஞ்ச் போல உறிஞ்சிக்கொள்ளும். அடக்க ஆளில்லாமல் செல் பெருகும். பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தரப்படும் சுனிடினிப் என்ற மருந்துக்குக் கட்டி மசியாமல் போவதிலும் இப்படி ஒரு ஆர்.என்.ஏ.வுக்குப் பங்கு இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு வந்தது.

சரி, அந்த மருந்தை உங்கள் கணவர் சாப்பிடவே இல்லையே! இந்த ஆய்வுகள் பலவற்றில் பரவிய கட்டிகளும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களும் உண்டு. அந்த வரிகளைத் தாண்டிப்போய் ‘பரவும்’ என்ற இடத்தில் நின்றிருப்பீர்கள். பதற்றத்தில் இருக்கும் மனம் அப்படித்தான் படிக்கும். சிறுநீரகத்தைத் தாண்டாத புற்றுநோயில், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் அதிகம். அதுவும் எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும்.

மருத்துவர் எதையும் மறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிறுநீரகப் புற்றுநோயில் சிகிச்சையை முடிவு செய்ய இந்த ஆர்.என்.ஏ. பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. கட்டியின் அளவு, நிலை, தரம் (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது) ஆகியவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். சண்டை போட்டதால் இந்தக் கட்டி வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. புகைபிடித்தல், உடல்பருமன், உயர் ரத்த அழுத்தம் போன்றவைதான் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தவை. அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

மகளைப் பற்றிய கேள்வி மட்டும் நியாயமானது. கட்டிக்குள் கூடும் ஆர்.என்.ஏ. பிள்ளைக்குப் போகாது. ஆனால் இந்தப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும், வி.எச்.எல். போன்ற சில மரபணுக்களில் உள்ள பிறழ்வுகள் பரம்பரையாக வரலாம். அப்படி வருவது குறைவுதான். இருந்தாலும் 46 வயதிலேயே வந்திருப்பதால், மரபணு ஆலோசனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அங்கே தடுமாற மாட்டீர்கள்.

இரவில் மொபைல் வேறு அறையில் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், உங்கள் கணவர். அவர் கத்தியதில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். கட்டி அவர் உடம்பில் இருந்தது, அதைப் பற்றிய செய்தியெல்லாம் உங்களிடமிருந்து வருகிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். ஸ்கேனுக்கு முந்தின நாள் அவருக்கு எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை மாலாட் பேச்சை எடுக்க வேண்டாம்.