வியன்னா அரசவையில் யாருக்கு இடம் உண்டு? ‘அமடேயஸ்’ நாடகம் பற்றிய கேள்வி பதில்

பீட்டர் ஷாஃபர் எழுதிய ‘அமடேயஸ்’, வியன்னாவின் அரசவை இசையமைப்பாளர் சாலியேரி, சக இசையமைப்பாளர் மோட்சார்ட் மீது கொண்ட பொறாமையைச் சொல்லும் நாடகம். 1979இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறிய இந்நாடகத்தை 2016இல் அதே நிறுவனம் மீண்டும் மேடையேற்றியபோது, தான்சானியப் பெற்றோருக்குப் பிறந்த லூசியன் மசாமட்டி சாலியேரியாக நடித்தார். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியராகக் கறுப்பின நடிகர் நடிப்பது வரலாற்றைத் திரிப்பதாகாதா?

பதில்: இந்நாடகம் வரலாற்று ஆவணம் அன்று. சாலியேரி மோட்சார்ட்டின் சாவுக்குக் காரணமானவர் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. மாறாக, 1785இல் இருவரும் ஒரே கவிதைக்கு இசையமைப்பதில் பங்கேற்றதும், பிற்காலத்தில் மோட்சார்ட்டின் இளைய மகனுக்குச் சாலியேரி இசை கற்பித்ததும் பதிவாகியுள்ளன. வியன்னாவாசிகள் அனைவரும் ஆங்கிலத்தில் பேசுவதை மறுப்பின்றி ஏற்கும் நாம், நடிகரின் நிறத்தில் மட்டும் வரலாற்றைத் தேடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. அந்தத் தேர்வால் நாடகம் ஆழம் பெற்றது என்பதே என் கருத்து. எல்லா விதிகளுக்கும் பணிந்து, பக்தியோடு உழைத்து, அயல்நாட்டு அவையில் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்ட மனிதன், எந்த விதிக்கும் கட்டுப்படாத ஒருவனுக்குக் கடவுள் எல்லாவற்றையும் வாரி வழங்குவதைப் பார்த்துக் கொதிக்கிறான். அந்தக் கொதிப்பைக் கறுப்பின நடிகரின் குரலில் கேட்கும்போது, யார் எவ்வளவு உழைத்தால் ஏற்கப்படுகிறார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

கேள்வி: அன்றைய வியன்னாவில் கறுப்பினத்தவர் உண்மையில் இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவனாகவே அடிமையாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆஞ்செலோ சோலிமான், வியன்னாவில் பிரபுக்களின் மதிப்பைப் பெற்றுப் பன்மொழி அறிஞராக விளங்கினார். மோட்சார்ட்டைப் போலவே ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவச் சங்கத்தைச் சேர்ந்தவர். ஆனால் 1796இல் அவர் இறந்ததும், மகள் மன்றாடியும் கேளாமல், அவருடைய உடலின் தோலைப் பதப்படுத்தி அரசரின் இயற்கைப் பொருள் சேகரிப்பில் காட்சிக்கு வைத்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, அந்த நகரத்தை வெள்ளை முகங்கள் மட்டுமே நிறைந்த அழகிய ஓவியமாகக் காட்டும் மேடைகளை என்னால் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை.

பாரிஸில், குவாதலூப்பில் பிறந்த செவாலியே த சென்-ஜார்ஜ் சிறந்த வயலின் கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் புகழ்பெற்றிருந்தார். அவரை ஓபரா என்னும் இசைநாடக நிறுவனத்துக்குத் தலைவராக்கும் பேச்சு 1776இல் எழுந்தபோது, கலப்பினத்தவருக்குக் கீழே பணிபுரிய மாட்டோம் என்று பாடகியர் சிலர் அரசியிடம் முறையிட்டார்கள். சாலியேரியின் பொறாமைக் கதையை 1830இல் முதலில் நாடகமாக்கிய ரஷ்யக் கவிஞர் புஷ்கினும், ஆப்பிரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்குக் கொண்டுவரப்பட்ட கானிபாலின் கொள்ளுப்பேரன்தான்.

கேள்வி: பெண் பாத்திரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பதில்: பேசவேண்டிய முதன்மையான இடம் அதுவே. மோட்சார்ட்டின் 1782ஆம் ஆண்டு ஓபராவில் மிகக் கடினமான பாடல்களை முதன்முதலில் பாடிய கத்தரீனா கவலியேரி இந்நாடகத்தில் வசனமே இல்லாத பாத்திரம். சாலியேரியின் மனைவியும் அப்படியே. மோட்சார்ட்டின் மனைவி கான்ஸ்டான்சே பேசுகிறார். ஆனால் அவர் தேர்ந்த பாடகி என்பதும், கணவரின் மறைவுக்குப் பிறகு கச்சேரிகள் நடத்தியும் கையெழுத்துப் பிரதிகளை விற்றும் குடும்பத்தையும் கணவரின் புகழையும் காத்தவர் என்பதும் நாடகத்தில் போதிய இடம் பெறவில்லை. சாலியேரியிடம் பயின்ற மரியா தெரேசியா ஃபான் பாரடிஸ், பார்வையற்றவராக இருந்தும் ஐரோப்பா முழுதும் வாசித்தவர், இசையும் அமைத்தவர். நாடகத்தில் அவருடைய சுவடே இல்லை. நடிகர் தேர்வால் மட்டும் நிரப்ப முடியாத பள்ளம் இது.

கேள்வி: நிறம் பொருட்டல்ல என்றால், வெள்ளையர் கருமை பூசி நடிப்பதும் சரிதானே?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் மோனோஸ்டாடோஸ் என்னும் பாத்திரம், கறுப்பன் அழகற்றவன் என்பதால் தனக்குக் காதல் மறுக்கப்படுவதாகப் பாடுகிறது. அந்தப் பாத்திரத்துக்கு முகத்தில் கருமை பூசுவது, ஒரு மக்கள் கூட்டத்தையே வேடிக்கைப் பொருளாக்கிய நெடிய வழக்கத்தின் பகுதி. வாய்ப்பு மறுக்கப்பட்டவர் முதன்மைப் பாத்திரத்தை ஏற்பதோ அந்த வழக்கத்தை மாற்றும் செயல்.

கேள்வி: எங்கள் சிறிய குழு இதை மேடையேற்ற விரும்புகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: பணியாளர், வதந்தி சுமப்போர் போன்ற சிறு வேடங்களில் மட்டும் பன்மையைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். சாலியேரி, பேரரசர் ஜோசப், கான்ஸ்டான்சே ஆகிய பாத்திரங்களுக்கான தேர்வை முதலில் அனைவருக்கும் திறந்துவிடுங்கள். கவலியேரி வேடத்துக்கு, மேடையிலேயே பாடக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். வசனம் இல்லாவிட்டாலும் அவருடைய குரலாவது அரங்கில் கேட்கட்டும்.