எடை குறையாவிட்டால் நடைப்பயிற்சி வீணா?

கேள்வி: எனக்கு வயது 44. மதுப்பழக்கம் இல்லை. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2 என்று வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளான ஏஎல்டி 68, ஏஎஸ்டி 46, தட்டணுக்கள் 2,30,000. மூன்று மாதமாகத் தினமும் அரை மணி நேரம் நடந்தும் எடை குறையவில்லை. குடல் பாக்டீரியாதான் காரணம், புரோபயாடிக் (நன்மை தரும் பாக்டீரியா) மாத்திரை போதும் என்கிறார் நண்பர். நடையை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். எடை இறங்காமலேயே கல்லீரல் கொழுப்பு குறையும் என்பது ஆய்வுகளில் பலமுறை உறுதியான விஷயம். நடக்கும்போது தசைகள் இன்சுலினின் உதவி இல்லாமலே ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. பயிற்சி தொடர்ந்தால் ரத்தத்தில் இன்சுலின் அளவும் தாழ்கிறது. கூடுதலான இன்சுலின்தான் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. இந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும் என்பதால், தொடர்ந்து இரண்டு நாள் இடைவெளி விடக்கூடாது.

நண்பர் சொன்னதில் பாதி சரி. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக, பெரும்பாலும் குடலிலிருந்து வருகிறது. நாம் உண்ணும் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து பியூட்டிரேட் தயாரிக்கின்றன; பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நார்ச்சத்து குறைந்தால் சுவரின் பிடிப்பு தளர்ந்து, சில பாக்டீரியாக்களின் மேலுறைத் துண்டுகளான எண்டோடாக்சின் ரத்தத்தில் கசியும். கல்லீரலில் உள்ள நோயெதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்கள் அதை எதிரியாக எண்ணி அழற்சியைக் கிளப்பும். கொழுப்பு மட்டும் படிந்திருப்பதைவிட, அழற்சி சேர்ந்து தழும்பு விழுவதுதான் கவலைக்குரியது. மது தொடாத சிலருக்குக்கூட, கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா இனத்தின் சில வகைகள் குடலுக்குள்ளேயே ஆல்கஹால் உண்டாக்குவதும் கண்டறியப்பட்டிருக்கிறது.

உடற்பயிற்சி இங்கேயும் கைகொடுக்கிறது. உணவை மாற்றாமல் ஆறு வாரம் பயிற்சி செய்தவர்களிடம் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் பெருகின. பருமனானவர்களைவிட ஒல்லியானவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. பயிற்சியை நிறுத்தியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பியது. புரோபயாடிக் மாத்திரை ஏஎல்டியைச் சிறிது குறைக்கலாம். தழும்பைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அந்தச் செலவைப் பயறு, முழுதானியம், காய்கறிக்குத் திருப்புங்கள். நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பி, இரண்டே நாளில் கைவிட்டுவிடுவீர்கள். வாரம் 5 கிராமாகக் கூட்டி, தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

தினமும் அரை மணி என்றால் வாரத்துக்கு 210 நிமிடம். குறைந்தபட்சத் தேவையான 150ஐவிட அதிகம். ஆகவே நேரத்தைவிட வேகத்தைக் கவனியுங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வாரம் இரண்டு நாள் தசைப்பயிற்சியும் சேருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்றவை 10 முறை வீதம் மூன்று சுற்று போதும். சர்க்கரை சேர்த்த பானங்களையும் பழச்சாறையும் நிறுத்துங்கள். அவற்றிலுள்ள ஃபிரக்டோஸைக் கல்லீரல் எளிதில் கொழுப்பாக்கிவிடும். உங்களுக்கு எடை கூடுதலாக இருந்தால் 7 முதல் 10 சதவீதம் குறைப்பது அழற்சியையும் தழும்பையும் குறைக்க உதவும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், பித்தப்பைக் கல் வரலாம்.

கிரேடு 2 என்பது கொழுப்பின் அளவு. தழும்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்கு ஃபிப்-4 கணக்கு இருக்கிறது. வயதை ஏஎஸ்டியால் பெருக்கினால் 2024. தட்டணுவை ஆயிரக்கணக்கில் எடுத்து (230), ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் (8.25) பெருக்கினால் ஏறத்தாழ 1897. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.07. 1.3க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. ரத்தச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவுகள், ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றைப் பார்த்திராவிட்டால் இப்போதே பாருங்கள். சர்க்கரை நோய் இல்லையென்றால் ஃபிப்-4ஐ 2 முதல் 3 ஆண்டுகளில், இருந்தால் 1 முதல் 2 ஆண்டுகளில் மறுபடி கணக்கிட வேண்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் கடுமையான தசைப்பயிற்சியைத் தவிர்த்து, நடை மட்டும் போங்கள். ஏஎஸ்டி தசையிலும் உண்டு. பழக்கமில்லாத கடும்பயிற்சிக்குப் பிறகு அதுவும் ஏஎல்டியும் உயர்ந்து, கல்லீரல் மோசமானதுபோலக் காட்டும்.