வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் ரெக்கார்டிங்ஸ்: கேட்டவங்களுக்கு என் பதில்கள்

கேள்வி: சார், லால்குடி தில்லானா, வர்ணம் எல்லாம் ஓரளவு கேட்டாச்சு. அடுத்து எதைக் கேக்கலாம்?

பதில்: மோகனகல்யாணி, தேஷ் தில்லானா, சாருகேசி வர்ணம் இதெல்லாம் கேட்டிருப்பீங்க, எல்லாரும் அந்த வாசல் வழியாதான் உள்ள வர்றோம். என்னைக் கேட்டா சோலோ ஆல்பம் எல்லாம் கொஞ்ச நாள் ஓரமா இருக்கட்டும், நேரா அவர் பக்கவாத்தியம் வாசிச்ச கச்சேரிக்குப் போயிடுங்க. பாடறவர் ஒரு பிடியை (ராகத்தைக் காட்டற சின்ன ஸ்வரத் தொடர்) விட்டுட்டு மூச்சு வாங்குவார் பாருங்க, அந்த ரெண்டு மூணு செகண்டுல வயலின்ல என்ன வருதுன்னு மட்டும் கவனிங்க. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லாம, அதோட வாலைப் பிடிச்சு அடுத்த இடத்துக்கு ஒரு அடி எடுத்து வச்சு, பாடறவர் மறுபடி எடுக்கறதுக்கு வசதியா விட்டுட்டு ஒதுங்கிடுவார். நாப்பது வருஷமா கேக்கறேன், இன்னும் எனக்கு அந்த இடம் அலுக்கல.

கேள்வி: யாருக்கு வாசிச்சதுல ஆரம்பிக்கணும்?

பதில்: ஒரே வாரத்துல நாலு பாட்டுக்காரங்களோட அவர் வாசிச்சதைக் கேளுங்க, வித்தியாசம் தானா புரியும். ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) பிருகாவா, அதாவது மின்னல் வேக ஸ்வர அடுக்குகளா, அள்ளி வீசுவார், அந்த வேகத்துக்கு வில்லு ஈடு கொடுக்கறது ஒரு அழகுன்னா, வேகம் முடிஞ்சதும் அவர் வந்து நிக்கற கார்வையில (நீட்டிப் பிடிக்கற ஸ்வரம்) லால்குடியும் கூடவே நிக்கறது இன்னொரு அழகு. மதுரை மணி ஐயருக்கு வாசிக்கறப்போ ஆளே மாறிடுவார், சர்வலகுவா, தாளத்தோட இயல்பான நடையில, ஸ்வரம் ஓடிட்டே இருக்கும், கணக்கு எங்க இருக்குன்னே தெரியாது, ரெண்டு பேரும் பேசிட்டே நடந்து போற மாதிரி இருக்கும். ஆலத்தூர் சகோதரர்கள்னா அது வேற உலகம், பல்லவி (ஒரே வரியைத் தாளக் கணக்கோட விரிக்கறது) எடுத்தாங்கன்னா தாளத்துல கண் சிமிட்ட முடியாது, அந்தக் கணக்குக்கு நடுவுலயும் அவர் வில்லுல ராகம் சிதையாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு வாசிக்கறப்போ சுருக்கம், நாலே பிடியில ராகத்தைக் காட்டிட்டு நிறுத்திடுவார், ஏன்னா பாட்டுக்காரரும் அப்படித்தான். இந்த நாலையும் கேட்டுட்டு அப்புறமா சோலோவுக்குத் திரும்பி வாங்க, எந்த இடத்தை எங்கேர்ந்து எடுத்துட்டு வந்தார்னு தெரியும்.

கேள்வி: இந்தக் கச்சேரியெல்லாம் ஏன் இவ்வளவு கம்மியா கிடைக்குது? பாதி ஆலாபனையில கட் ஆயிடுது.

பதில்: காலத்தைப் பாருங்க. 1930-ல பொறந்தவர், பன்னண்டு வயசுல மேடை ஏறிட்டார். ஆனா ரசிகர்கள் வீட்டுல ஸ்பூல் ரெக்கார்டர் (சுருள் டேப்புல பதியற மெஷின்) வந்தது ரொம்ப பின்னாடி, அதுவும் வசதி இருந்த சில பேர் வீட்டுலதான். ஜி.என்.பி. 1965-ல போயிட்டார், அரியக்குடி 1967, மணி ஐயர் 1968. அந்த இடைவெளியில யாரோ மடியில மெஷினை வச்சுட்டு உக்காந்து பிடிச்சதுதான் இன்னிக்கு நாம கேக்கறதுல பெரும்பங்கு. 1200 அடி டேப்பை செகண்டுக்கு 3¾ இஞ்ச் வேகத்துல ஓட்டினா ஒரு பக்கம் 64 நிமிஷம்தான் வரும், கச்சேரியோ மூணு மணி நேரத்துக்கு மேல, அதனால தோடி நடுவுல டேப் தீர்ந்து போச்சுன்னா மாத்திப் போடற வரைக்கும் நடந்தது போனது போனதுதான். எனக்கும் அது வலிக்கும்.

கேள்வி: ஒரே கச்சேரி ரெண்டு இடத்துல கிடைச்சது, ஒண்ணுல சுருதி (பாட்டோட ஆதார ஸ்வரம்) 1 கட்டை, இன்னொண்ணுல 1½. எது சரி?

பதில்: டேப் வேகம்தான் காரணம். 6 சதவீதம் வேகமா ஓடினாலே 1 கட்டை 1½ ஆயிடும், ஒரு மணி நேரக் கச்சேரி மூணு நிமிஷத்துக்கு மேல சுருங்கிடும். கண்டுபிடிக்க மிருதங்கத்தோட தொப்பியை (இடது பக்கம்) கேளுங்க, கும்கி (அதுல வர்ற கனத்த, வளையற நாதம்) கனமில்லாம டப்பு டப்புன்னு வந்தா வேகம் ஜாஸ்தி. இது சின்ன விஷயம் இல்லீங்க, ஆண் பாடகருக்காகக் கம்பியை இறக்கிக் கட்டறப்போ வயலின்ல ஒரு கனத்த நாதம் வரும், வேகம் ஏறினா முதல்ல போறதே அதுதான், கமகமும் (ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கறது) பதட்டப்படற மாதிரி ஆயிடும். அதே பாடகரோட ரேடியோ கச்சேரி ஏதாவது இருந்தா சுருதியை ஒப்பிட்டுப் பாத்து சரி பண்ணிக்கோங்க.

கேள்வி: அவர் வயலின்ல சாகித்யமே கேக்கும்னு சொல்றாங்களே, அது உண்மையா?

பதில்: உங்களுக்கு வார்த்தை நல்லா தெரிஞ்ச கீர்த்தனை ஒண்ணை எடுத்துக்கோங்க, மனசுக்குள்ள பாடிட்டே கேளுங்க. எந்த எழுத்து அழுத்தமோ அங்க வில்லு மாறும், நெடில்னா ஒரே வில்லுல நீளும், வார்த்தை முடியாத இடத்துல வெட்டவே மாட்டார். பாடத் தெரிஞ்சவர் வாசிக்கறது அது. தியாகராஜர் சிஷ்ய பரம்பரையில வந்த குடும்பம், அப்பா கோபால ஐயர்தான் குரு, அந்தப் பாடாந்தரம் (பரம்பரையா வந்த பாடற முறை) வில்லுல இறங்கியிருக்கு.

கேள்வி: வயலின், வேணு, வீணை மூணும் சேர்ந்து அவர் பண்ணின கச்சேரி கேக்கலாமா?

பதில்: தாராளமா. 1966-ல புல்லாங்குழல் ரமணி, வீணை வெங்கட்ராமனோட ஆரம்பிச்சது. வீணையோட நாதம் அடங்குற நேரத்துல வயலின் எப்படி உள்ள நுழையுதுன்னு கேளுங்க, பக்கவாத்தியத்துல பழகின காது அங்கயும் வேலை செய்யும்.

கேள்வி: எங்க தாத்தா வச்சிருந்த ஸ்பூல் அஞ்சாறு பரண்ல இருக்கு, மேல "லால்குடி"ன்னு மட்டும் எழுதியிருக்கு. மெஷின் ஒண்ணு கடன் கேட்டிருக்கேன், போட்டுப் பாக்கட்டுமா?

பதில்: தயவுசெஞ்சு இப்ப போடாதீங்க தம்பி! பழைய டேப் ஒட்டிக்கிட்டு இருந்தா முதல் தடவை ஓட்டறப்பவே உரிஞ்சு வந்துடும். பரண் சூட்டுலேர்ந்து இறக்கி, நிக்க வச்சு, காஞ்ச இடத்துல வைங்க. அட்டைப்பெட்டியில எழுதியிருக்கறதை போட்டோ எடுத்துக்கோங்க. ஹெட் சுத்தம் பண்ணி சர்வீஸ் ஆன மெஷின் வச்சிருக்கற ஆள்கிட்ட மட்டும் கொடுங்க, முதல் காப்பி வேவ் ஃபைலா, இரைச்சலை எடுக்காம அப்படியே வேணும்னு சொல்லுங்க. கைத்தட்டல், தொண்டைக் கனைப்பு, யாரோ நடுவுல பேசறது எதையும் வெட்டச் சொல்லாதீங்க, எந்த சபா எந்த வருஷம்னு அதுல ஒரு வார்த்தை இருந்தாலும் இருக்கும். பாடறது யாருன்னு தெரியலன்னா முதல் பத்து நிமிஷத்தை எனக்கு அனுப்புங்க, உக்காந்து கேக்கறேன்.