கோவளத்து அலையும் பலகையும்: கேள்வி பதில்

நான் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கோவளத்துக்காரன். அப்பா கட்டுமரத்தில் போனவர். அண்ணன் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நான் அதே மணலில் அலைச்சறுக்கு சொல்லித் தருகிறேன். திருவனந்தபுரத்துக் கோவளம் பற்றிக் கேட்ட மூன்று பேரும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்பதுதான் நல்லது. அந்தக் கடல் எனக்குப் பழக்கமில்லை.

கோவளத்தில் மட்டும் அலை ஏன் சாதுவாக இருக்கிறது? அங்கே துறைமுகச் சுவர் எதுவும் கண்ணில் படவில்லையே? – தாம்பரத்து நண்பர்

நல்ல கேள்வி, அண்ணே. சுவர் கட்டும் காலத்துக்கு முன்பே அது துறைமுகம். ஆற்காட்டு நவாப் காலத்தில் அதற்கு சாதத் பந்தர் என்று பெயர். கோட்டையும் இருந்தது. 1752-ல் கிளைவ் பிடித்தார், பிறகு இடித்துவிட்டார்கள். கப்பல்காரன் இந்த இடத்தைத் தேடி வந்த காரணம்தான் உங்கள் கேள்விக்கும் பதில். தர்காவும் மாதா கோவிலும் இருக்கிற எங்கள் ஊர், கடலுக்குள் கொஞ்சம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் நமக்கு அலை தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து வருகிறது. முனைக்குத் தெற்கே அது நேராக வந்து அடிக்கும். வடக்குப் பக்கம் வர வேண்டுமென்றால் முனையைச் சுற்றி வளைய வேண்டும், வளையும்போதே பாதி வேகம் போய்விடும். படகுகள் நிற்பதும் அங்கேதான், புதிதாகக் கற்பவர்களை நான் இறக்குவதும் அங்கேதான்.

அடியில் இருப்பது மணல் திட்டு. அது ஒரே இடத்தில் நிற்காது. போன மாதம் அலை உடைந்த இடத்தில் இந்த மாதம் இடுப்பளவு குழி இருக்கும். அதனால் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். வந்தவுடன் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

எந்த மாதம், எந்த நேரம் வரலாம்? – அம்பத்தூர்

மே முதல் செப்டம்பர் வரை, காலை ஆறு மணிக்கு. அப்போது தெற்கு அலை இருக்கும், கச்சான் காற்றும் இருக்கும். கச்சான் மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவது. வரும் அலையை எதிரே நின்று நிமிர்த்திப் பிடிக்கும், முகம் வழவழப்பாக இருக்கும். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று ஏறியதும் எல்லாம் கலைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்துவிட்டால் கற்பவர்களுக்கு வேலையில்லை. முனை தெற்கு அலையைத்தான் தடுக்கும், வடகிழக்கிலிருந்து வருவதைத் தடுக்காது.

நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரலாமா? – பெயர் சொல்லாதவர்

வராதீர்கள். முதலில் நீச்சல்.

என் மகனுக்கு ஒன்பது வயது, நன்றாக நீந்துவான். பயமாக இருக்கிறது. – ஒரு அம்மா, மேடவாக்கம்

பயம் நியாயமானதுதான், அக்கா. ஆனாலும் கூட்டி வாருங்கள். அந்த வயதில் நாங்கள் படகு உடைந்த மரத்துண்டை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு அலையில் வருவோம். அதை ஒரு விளையாட்டு என்று யாரும் பெயர் வைக்காத காலம். முதல் நாள் இடுப்பளவு தண்ணீர், உடைந்து வரும் வெள்ளை நுரை, எட்டடி மென்பலகை, அவ்வளவுதான். காலில் கட்டும் கயிறு கட்டாயம்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்: அலைக்கும் உடம்புக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது. பலகையைப் பக்கவாட்டில் பிடித்து நடக்க வேண்டும். குறுக்கே பிடித்தால் அலை அதைத் தூக்கி வாயிலேயே அடிக்கும். பல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

நீச்சல் சுமாராகத் தெரியும், வரலாமா? – ஆவடி

சுமார் போதாது. மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டு அலைக்கூட்டத்துக்கு நடுவே தண்ணீர் ஆடாமல் தெரிகிறது. அங்கே இறங்கினால் சுலபமாக உள்ளே போகலாம் அல்லவா? – ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

தம்பி, இதை மெதுவாகப் படியுங்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். திட்டுக்கு நடுவே பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே சேர்ந்து ஓடும். பள்ளத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர் பாதுகாப்பு என்று நினைத்து இறங்குவது அங்கேதான், கடல் ஆளை இழுப்பதும் அங்கேதான். பழகியவர்கள் அதையே வழியாக வைத்து உள்ளே போவார்கள். நீங்கள் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை.

இழுத்துவிட்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அதை எதிர்த்து ஜெயித்தவர் யாருமில்லை. பலகையை விடாமல் மிதந்து, கையை உயர்த்திக் காட்டுங்கள். பலம் இருந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து, நுரை உடையும் இடத்துக்கு வாருங்கள். அந்த நுரையே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

காற்றே இல்லாத நாளிலும் தூரத்துப் புயலின் அலை வரும். கள்ளக்கடல் என்பது அதுதான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அது கொண்டுபோனது. கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைதானே? அப்போது படகு தொல்லை இருக்காதே? – வேளச்சேரி

தொல்லை என்ற சொல்லை விட்டுவிடுங்கள். தடை விசைப்படகுகளுக்கு. எங்கள் ஊர் ஃபைபர் படகுகள் அந்த 61 நாளும் போகும், வரும். அலையில் இறங்கும் படகுக்குப் பிரேக் கிடையாது. பாரத்தோடு வருபவர் உங்களைப் பார்த்தாலும் திருப்ப முடியாது. படகு ஏறும் இறங்கும் வழியில் பலகையோடு உட்காராதீர்கள். பெரிய வலை இழுக்கிறார்கள் என்றால் கயிற்றுக்கு நூறடி தள்ளி நில்லுங்கள். முடிந்தால் ஒரு கை பிடித்து இழுங்கள், அப்புறம் ஊரே உங்களுக்கு அலை சொல்லும்.

உள்ளதைச் சொல்கிறேன்: கடலுக்குள் நாலு கல் சுவர் போட்டால் மணல் சேரும், அலை ஒழுங்காக உடையும், படகுக்கும் மறைவு கிடைக்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கத்து அலை கல்லால் வந்ததுதானே? – கட்டுமானப் பொறியாளர், வேளச்சேரி

கோயிலைக் காக்கக் கொட்டிய கல் அருகே நல்ல அலை உடைகிறது, உண்மைதான். நானும் அங்கே ஏறியிருக்கிறேன். ஆனால் மணல் எங்கிருந்து சேர்கிறது? நம் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. தெற்கு அலை காலத்தில் வடக்கே, வாடையில் தெற்கே. கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே தேங்கும், வடக்கே பட்டினி. சென்னைத் துறைமுக வேலை 1870-களில் தொடங்கியது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. புதுச்சேரியில் 1989-ல் துறைமுகச் சுவர் வந்தது, நகரத்தின் முன்னால் இருந்த மணல் போனது.

அவை பெரிய துறைமுகங்கள். சின்னச் சுவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. – அதே பொறியாளர்

அளவு சின்னது, கணக்கு அதேதான். சின்னச் சுவர் சின்ன ஊரைத் தின்னும்.

பாட்டி சொல்வார், வாசலிலிருந்து தண்ணீருக்கு நடந்தால் கால் சுடுமாம், அவ்வளவு மணல். இப்போது வாசலில் கருங்கல். – ராயபுரத்திலிருந்து ஒருவர்

பொறியாளர் இதைப் படிக்க வேண்டும். மணல் என்றால் எங்களுக்கு என்ன? படகு ஏற்றுகிற இடம், வலை காய்கிற இடம், கருவாடு போடுகிற இடம், பெண்கள் ஏலம் கேட்கிற இடம். கல்லில் இது எதுவும் நடக்காது. பலகைக்காரனுக்கு ஓர் அலை போனால் அடுத்த ஊர் உண்டு. நான் பிழைப்பதே பலகையால்தான், அதனாலேயே சொல்கிறேன்: அலைக்காக ஒரு கல்கூடக் கேட்காதீர்கள்.

நீச்சல் தெரியாத குடும்பத்தோடு வருகிறோம்… – மூன்று பேர்

பலகை வேண்டாம். கோவளத்தில் 2021-ல் நீலக்கொடி, அதாவது சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரும் சர்வதேசச் சான்று, பெற்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள் கால் நனையுங்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

தோள்பட்டை ஒருமுறை விலகியது. வரலாமா?

எலும்பு மருத்துவரைக் கேளுங்கள்.

சொந்தமாகப் பலகை வாங்கலாமா?

முப்பது நாள் வாடகைப் பலகையில் ஏறிய பிறகு. குட்டைப் பலகை வாங்கி வீட்டில் சாத்தி வைத்தவர்கள் நிறையப் பேர். காசு வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

மழை விட்ட மறுநாள் வரலாமா?

முட்டுக்காட்டு முகத்துவாரத்திலிருந்து கலங்கல் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அடியில் கட்டை தெரியாது, சாக்கடையும் கலந்திருக்கும். தெளியும்வரை பொறுங்கள். வந்தால், அலைக்கும் உடம்புக்கும் நடுவில் பலகை வேண்டாம். மூன்றாவது முறை சொல்ல வைக்காதீர்கள்.

ஒரு சுவரையாவது சோதனையாக… – பொறியாளர்

அண்ணே, மே மாதம் ஒருநாள், கார்த்திகையில் ஒருநாள் வாருங்கள். அண்ணன் படகு நிற்கும் இடத்தில் இரண்டு தடவையும் ஒரே கம்பத்தருகே நிற்போம். மணல் எத்தனை அடி நகர்ந்தது என்று நீங்களே டேப் பிடித்து அளங்கள். அளந்ததை இங்கேயே எழுதுங்கள்.